மஞ்சள் புள்ளி நலிவும் ஊசி மருந்தின் கால இடைவெளியும்

புது டில்லியில், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஓர் அங்கமாக, டாக்டர் இராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ விஞ்ஞான நிலையம் 1967-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அங்கும், நாட்டின் பிற பெரிய கண் மருத்துவமனைகளிலும், முதுமையினால் மஞ்சள் புள்ளி நலிவுற்ற கண்களுக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்தும் சிகிச்சை நடைபெறுகின்றது. ஒரே வயதினரான இருவர் ஒரே நாளில் ஒரே மருந்தைப் பெற்று வெளியே வரலாம். எனினும் ஒருவரது சீட்டில் அடுத்த ஊசிக்கு 4 வாரம் என்றும், மற்றவரது சீட்டில் 10 வாரம் என்றும் குறிக்கப்பட்டிருக்கக் கூடும். இதனைக் கண்டு நோயாளரும் உறவினரும் ஐயுறுவது இயல்பே. குறுகிய இடைவெளி பெற்றவர் தம் நோய் முற்றிவிட்டதோ என அஞ்சுகின்றார். நீண்ட இடைவெளி பெற்றவரோ தமக்கு இனி ஊசியே வேண்டுவதில்லை என்று கருதிவிடுகின்றார். இவ்விரண்டனுள் பின்னதே பெருந்தீங்கு விளைப்பது. கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரும் பள்ளி ஆசிரியரும் இவ்விடைவெளி எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை அறிந்திருந்தால், பலருடைய பார்வை காக்கப்படும்.

நோயின் தன்மை

கண்ணின் பின்புறச் சுவரை உட்புறமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. அதன் நடுவில், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறுக்களவில் அமைந்த சிறு பகுதி மஞ்சள் புள்ளி எனப்படும். எழுத்தைப் படித்தல், எதிரில் வருபவரின் முகத்தை அறிதல், ஊசியில் நூல் கோத்தல், அரிசியில் கல் பொறுக்குதல் ஆகிய நுட்பமான செயல்கள் யாவும் இச்சிறு பகுதியைக் கொண்டே நடைபெறுகின்றன. இது பழுதுற்றால் பக்கப் பார்வை எஞ்சி நிற்கும். நடுப் பார்வை அழியும். அத்தகையவர் துணையின்றித் தெருவில் நடந்து செல்வார். ஆனால் தம் பேரனின் முகத்தை அடையாளம் காணமாட்டார். நடமாட்டம் தடைப்படாததனாலேயே, வீட்டார் இந்நோயை நெடுநாள் வரை உணராமலும் இருந்துவிடுகின்றனர்.

முதுமையில் தோன்றும் இந்நலிவு இரு வகைப்படும். உலர் வகையில் மஞ்சள் புள்ளியின் அணுக்கள் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்கின்றன. இங்குக் கூறப்படும் ஊசி மருந்துகளால் அவ்வகைக்குப் பயனில்லை. ஈர வகையில், விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக் குழாய்ப் படலத்திலிருந்து புதிய, வலுவற்ற குழாய்கள் முளைத்து மஞ்சள் புள்ளியின் அடியில் பரவுகின்றன. அவற்றின் சுவர்களினூடே நீரும் இரத்தமும் கசிகின்றன. நேர்கோடு வளைந்து தெரிவதும், எழுத்துகள் நெளிவதும், பார்வையின் நடுவே கருமை படிவதும் இதன் அறிகுறிகள். இவ்வகையில் அழிவு ஆண்டுக் கணக்கில் அன்றி, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நேர்கின்றது. கசிவு நெடிது நின்றால் அவ்விடத்தில் தழும்பு உண்டாகும். தழும்பு பட்ட இடத்தில் எம்மருந்தும் பார்வையை மீட்பதில்லை. கால இடைவெளி என்னும் வினா இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் இதுவே.

டில்லியை அடுத்த குர்காவுன் வட்டாரத்திலும், தெற்கே புதுச்சேரியைச் சார்ந்த வட்டாரத்திலும், 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே ஓர் ஆய்வு நடத்தப்பெற்று அதன் முடிவுகள் 2010-ஆம் ஆண்டில் வெளியாயின. முற்றிய நிலையிலுள்ள மஞ்சள் புள்ளி நலிவு நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் அதில் காணப்பட்டது. இது சிறு தொகையெனத் தோன்றினும், முதியோர் தொகை பெருகிவரும் இந்நாட்டில் அது பல இலட்சம் கண்களைக் குறிக்கும்.

மருந்து கண்ணினுள் எத்தனை நாள் நிற்கின்றது

புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதற்கு உடலிலேயே சுரக்கும் ஒரு புரதம் தூண்டுகோலாகின்றது. அமெரிக்க விஞ்ஞானி நெப்போலியோன் பெராராவும் அவருடைய துணைவர்களும் 1989-ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்து விவரித்தனர். இதனைக் குழாய் வளர்ச்சிக் காரணி என்று குறிக்கலாம். ரானிபிசுமாப், பெவாசிசுமாப், அப்லிபெர்செப்ட் முதலிய மருந்துகள் இக்காரணியைப் பற்றிக்கொண்டு அதன் செயலை முடக்குகின்றன. ஆனால் அக்காரணியைச் சுரக்கும் ஊற்றை அவை அடைப்பதில்லை. மருந்து தீர்ந்தவுடன் காரணி மீண்டும் தலையெடுக்கின்றது. குழாய்கள் மீண்டும் கசிகின்றன.

ரானிபிசுமாப் ஒரு தடவைக்கு 0.5 மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம் செலுத்தப்படுகின்றது. மனிதக் கண்ணில் இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 7 நாள். அதாவது ஒவ்வொரு வாரமும் எஞ்சியுள்ள மருந்தில் பாதி வெளியேறிவிடும். முதல் வார இறுதியில் 250 மைக்ரோகிராம். இரண்டாம் வார இறுதியில் 125. மூன்றாம் வார இறுதியில் சுமார் 62. நான்காம் வார இறுதியில் சுமார் 31. எட்டு வாரம் கடந்தால் எஞ்சுவது 2 மைக்ரோகிராம் அளவே. உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிடலாம்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது. மருந்தின் அளவை இரு மடங்காக்கினால் இடைவெளி இரு மடங்காகும் என்று எண்ணுவது இயற்கை. அவ்வாறு ஆவதில்லை. இரு மடங்கு மருந்தும் ஒரு வாரத்தில் பாதியாகி, முன்பு தொடங்கிய அளவுக்கே வந்துவிடும். ஆகவே இரட்டிப்பினால் கிடைப்பது ஓர் அரை ஆயுள் மட்டுமே; அதாவது ஒரு வாரமே. நான்கு மடங்காக்கினால் இரு வாரம். இதனை மறுதலையாகவும் கொள்ளலாம். ஒரு கண்ணில் வளர்ச்சிக் காரணி மிகுதியாகச் சுரந்து, நோயை அடக்குவதற்கு மற்றொரு கண்ணைவிட நான்கு மடங்கு மருந்து எஞ்சியிருக்க வேண்டுமெனில், அக்கண்ணின் இடைவெளி இரு வாரம் குறையும்.

உண்மையில் கண்ணுக்குக் கண் இவ்வேறுபாடு உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள், ரானிபிசுமாப் பெற்ற கண்களின் முன்னறைத் திரவத்தில் வளர்ச்சிக் காரணி எத்தனை நாள் அடங்கியிருக்கின்றது என்று அளந்தனர். சராசரி சற்றேறக்குறைய 36 நாள். ஆனால் சில கண்களில் அது நான்கு வாரத்துக்குள்ளாகவே முடிந்தது. சிலவற்றில் ஒன்பது வாரத்துக்கு மேலும் நீடித்தது. இதனினும் முக்கியமானது யாதெனில், ஒரு கண்ணுக்கு ஒரு தடவை எத்தனை நாளோ, மறு தடவையும் அண்ணளவாக அத்தனை நாளே என்பதாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனக்கே உரிய கால அளவு ஒன்று உண்டு. அது எளிதில் மாறுவதில்லை. அதனைக் கண்டறிவதே மருத்துவரின் வேலை.

இடைவெளியைத் தேடிய வரலாறு

அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டில் ரானிபிசுமாப் அங்கீகாரம் பெற்றபொழுது, மாதம் ஒரு முறை ஊசி என்பதே விதியாக இருந்தது. அதற்கு ஆதாரமான மரினா என்னும் ஆய்வில், மாதந்தோறும் மருந்து பெற்றோர் ஓராண்டு முடிவில் பார்வை அட்டையில் சராசரி 7 எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். மருந்து பெறாதோர் சராசரி 10 எழுத்துகளை இழந்தனர். அதுவரை லேசர் முதலிய சிகிச்சைகள் இழப்பைத் தாமதப்படுத்தியதல்லாமல் பெரும்பாலோரின் பார்வையைக் கூட்டியதில்லை. எனவே இம்முடிவு கண் மருத்துவர்களைப் பெருவியப்பில் ஆழ்த்தியது. ஆயினும், எண்பது வயதானவர் ஒருவர் மாதந்தோறும் கண்ணுக்குள் ஊசி ஏற்றுக்கொள்வதும், அதற்கான செலவும், மருத்துவமனை வரும் அலைச்சலும் எவ்வளவு நாள் தாங்கக் கூடியவை?

முதலில் செய்து பார்க்கப்பட்டது எல்லார்க்கும் ஒரே நீண்ட இடைவெளி. பியர் எனப் பெயரிடப்பட்ட ஆய்வில், முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஓர் ஊசியும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஓர் ஊசியும் தரப்பட்டன. முதல் மூன்று மாதத்தில் பெற்ற ஆதாயம் அனைத்தும் ஓராண்டு முடிவதற்குள் கரைந்து, பார்வை தொடங்கிய இடத்துக்கே திரும்பிற்று. மேலே போட்ட கணக்கை நினைவிற் கொண்டோர்க்கு இதில் வியப்பில்லை.

அடுத்து வந்தது, தேவையறிந்து ஊசியிடும் முறை. இதில் நோயாளர் மாதந்தோறும் வரவேண்டும், ஓ.சி.டி. எனப்படும் ஒளிக்கதிர்ப் படத்தில் விழித்திரையின் உள்ளோ அடியிலோ நீர் காணப்பட்டால் மட்டும் ஊசி போடப்படும். ஊசிகளின் எண்ணிக்கை இதனால் குறைந்தது உண்மை. அமெரிக்காவில் 1,200-க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடைபெற்று 2011-இல் முடிவு வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மாதந்தோறும் ரானிபிசுமாப் பெற்றோர் ஓராண்டில் சராசரி 8.5 எழுத்துகளும், தேவையறிந்து பெற்றோர் 6.8 எழுத்துகளும் கூடுதலாகப் பெற்றனர். பின்னவர்க்குப் போடப்பட்ட ஊசிகள் சராசரி 6.9. அதே ஆய்வு, விலை மிகக் குறைந்த பெவாசிசுமாப் மாதாந்தர முறையில் 8 எழுத்துகள் தந்து, ரானிபிசுமாபுக்கு ஏறக்குறைய நிகராக நிற்பதையும் காட்டியது. இந்தியா போன்ற நாட்டுக்கு இவ்விரண்டாம் முடிவே பெருநன்மையாயிற்று.

ஆய்வுக்கூட ஒழுங்கு வேறு, உலக வழக்கு வேறு. ஆய்வில் சேர்ந்தோர் மாதம் தவறாமல் வந்தனர். ஆய்வு முடிந்து வீடு திரும்பியோர்க்கு என்ன நேர்ந்தது? முன்னைய ஆய்வுகளில் பங்குகொண்ட 65 பேரை ஏழாண்டுக்குப் பின் தேடிப் பிடித்துச் சோதித்த ஓர் அறிக்கை 2013-இல் வெளிவந்தது. முதலிரண்டு ஆண்டுகளில் பார்வை கூடியிருந்த அவர்கள், சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்ததைவிடவும் சராசரி 8 எழுத்துக்கு மேல் இழந்திருந்தனர். அவர்களுள் பலர் இடைக்காலத்தில் மிகக் குறைவான ஊசிகளே பெற்றிருந்தனர். மிகுதியாகப் பெற்ற சிலர் மற்றவரைவிட நன்றாக இருந்தனர். மருந்து தோற்றது என்று இதனைக் கொள்ளலாகாது. இடைவெளி எவருக்கும் தெரியாமலே நீண்டு போயிற்று என்பதே பொருள்.

ஊசியிட்டு நீட்டும் முறை

இன்று பரவலாகக் கையாளப்படுவது ஊசியிட்டு நீட்டும் முறை. இதில் ஒவ்வொரு வருகையிலும் ஊசி உண்டு. மாறுவது அடுத்த வருகைக்கான இடைவெளி மட்டுமே. ஒரு நோயாளரின் ஓராண்டை எடுத்துக்காட்டாகக் காண்போர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

தொடக்கத்தில் 0, 4, 8 ஆகிய வாரங்களில் மூன்று ஊசிகள். எட்டாம் வாரத்தில் படம் எடுக்கையில் நீர் வற்றியிருக்கின்றது. ஆகவே அடுத்த இடைவெளி 6 வாரம். 14-ஆம் வாரத்தில் வருகின்றார், நீரில்லை, ஊசி போடப்பட்டு இடைவெளி 8 வாரமாகின்றது. 22-ஆம் வாரத்திலும் நீரில்லை. இடைவெளி 10 வாரம். 32-ஆம் வாரத்தில் படத்தில் நீர் தோன்றுகின்றது. இக்கண்ணுக்குப் பத்து வாரம் தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. ஊசி போட்டு, இடைவெளி மீண்டும் 8 வாரமாகக் குறைக்கப்படுகின்றது. 40-ஆம் வாரத்தில் நீரில்லை. 48-ஆம் வாரத்திலும் இல்லை. எட்டு வாரமே இக்கண்ணின் அளவு எனக் கொள்ளப்படுகின்றது. மொத்தம் 8 ஊசிகள். நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்தால் இதே காலத்தில் 13 ஊசிகள் ஆகியிருக்கும்.

கனடாவில் 580 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு இரண்டாண்டு முடிவில் இம்முறையை மாதாந்தர முறையோடு ஒப்பிட்டது. நீட்டும் முறையில் சராசரி 17.6 ஊசிகளுக்கு 6.8 எழுத்துகள் கூடின. மாதாந்தர முறையில் 23.5 ஊசிகளுக்கு 6 எழுத்துகள். பார்வையில் குறைவின்றியே ஆறு ஊசிகள் மிச்சமாயின. ஜப்பானில் அப்லிபெர்செப்ட் மருந்தைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வில், இரண்டாண்டு முடிவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் 16 வார இடைவெளியை எட்டினர். ஆயினும் அவ்விடைவெளி சிலருக்கு வாய்த்தது என்பதனால், அதனை அனைவர்க்கும் உரியதாக விதிக்க முடியாது. பியர் ஆய்வு செய்த பிழை அதுவே.

நீர் துளியேனும் இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டுமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை உண்டு. விழித்திரைக்கு அடியில் தங்கும் சிறிதளவு நீரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. விழித்திரையின் உள்ளேயே தோன்றும் நீர்க்கு இச்சலுகை இல்லை. இவ்வேறுபாட்டைப் படம் பார்க்கும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

நோயாளரிடமிருந்து அடிக்கடி எழும் மறுப்பு ஒன்றுண்டு. ‘கண்ணில் நீர் இல்லை என்று டாக்டரே சொல்கின்றார், பின் ஏன் இன்றைக்கு ஊசி?’ குடையின் கீழ் நிற்பவர் நனையவில்லை என்பதனால் மழை விட்டுவிட்டது என்று ஆகாது. நீர் வற்றியிருப்பது மருந்தினால். மருந்து தீரும் நாளைக்குச் சற்று முன்னதாக அடுத்த ஊசி போடப்படுவதே இம்முறையின் உட்கருத்து. இவ்விடையைக் கிராம ஊழியர் மனத்தில் வைத்திருத்தல் நலம்.

தொலைவும் பயணமும்

டில்லியின் பெரிய மருத்துவமனைகளுக்கு வருவோர் டில்லி வாசிகள் மட்டுமல்லர். உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து இரவு முழுவதும் இரயிலில் வந்து, தருமசாலைகளிலும், இடம் கிடைக்காவிடில் நடைபாதையிலும் தங்கிச் சிகிச்சை பெறுவோர் மிகப் பலர். முதியவர் தனியே வர இயலாது. துணைக்கு வரும் மகனோ மகளோ கூலியை இழக்க வேண்டும். இவர்களைப் பொறுத்தவரை, ஊசியின் விலையைவிடப் பயணத்தின் விலை மிகுதியாகவும் இருக்கலாம்.

இந்த நிலையில் தேவையறிந்து ஊசியிடும் முறை ஏழைகளுக்குச் சிக்கனமானது போலத் தோன்றும். உண்மையில் அவர்களுக்கு அதுவே பொருந்தாதது. அதில் ஊசி குறைகின்றதே தவிர வருகை குறைவதில்லை. மாதந்தோறும் வந்து, படம் எடுத்து, ‘இம்முறை ஊசி வேண்டாம்’ என்று கேட்டுத் திரும்பும் குடும்பம், நான்காம் மாதம் வராமல் நின்றுவிடும். நீட்டும் முறையிலோ ஒவ்வொரு பயணமும் ஊசியோடு முடிகின்றது. அடுத்த நாளும் முன்கூட்டியே தெரிகின்றது. 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகச் செய்யப்படுகின்றது. எட்டு வார இடைவெளி பெற்றவர் மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளிலேயே அடுத்த வருகைக்குப் பயணச் சீட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

வருகை நோயாளரின் தவறின்றியே தடைப்படுவதும் உண்டு. டில்லியைச் சார்ந்த இரு நிகழ்ச்சிகள் குறிப்பிடத் தக்கவை.

முதலாவது 2016-இல் நேர்ந்தது. பெவாசிசுமாப் பெருங்குடல் புற்றுநோய்க்கென 2004-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து. அதன் 4 மில்லிலிட்டர்க் குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் உள்ளது. கண்ணுக்குத் தேவையானது 1.25 மில்லிகிராமே. ஆகவே ஒரு குப்பியைப் பலருக்குப் பங்கிடுவதனால் விலை மிகவும் தாழ்கின்றது. ஆனால் பங்கிடுகையில் தூய்மை சிறிது தவறினாலும் பல கண்கள் ஒருங்கே பாதிக்கப்படும். அவ்வாண்டு ஜனவரியில் குஜராத்தில் இம்மருந்து பெற்ற சிலருக்குக் கண்ணில் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி வந்ததும், டில்லியிலுள்ள தலைமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இதனைக் கண்ணுக்குப் பயன்படுத்தலாகாது என எச்சரிக்கை விடுத்தார். கண் மருத்துவர் சங்கங்கள் முறையிட்டன. நிபுணர் குழு ஆராய்ந்தது. மார்ச்சில் அவ்வெச்சரிக்கை விலக்கிக் கொள்ளப்பட்டது. எச்சரிக்கை காரணமற்றதன்று. எனினும் இடைப்பட்ட இரு மாதம், நான்கு வார இடைவெளியில் இருந்த ஒரு கண்ணுக்கு இரண்டு ஊசிகளின் காலமாகும். விலை கூடிய மருந்துக்கு மாற இயலாதோர் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது 2020-இல் கொள்ளை நோயினால் நேர்ந்தது. மார்ச் 24 அன்று அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் புறநோயாளர் பிரிவு மூடப்பட்டது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. பயணிகள் இரயில்கள் நின்றன. மே 12-ஆம் நாள்தான் புது டில்லியிலிருந்து சில தனி இரயில்கள் ஓடத் தொடங்கின. மார்ச் நடுவில் ஊசி பெற்று, ஆறு வாரத்தில் மீள வேண்டியிருந்தவர் வர வழியே இல்லை. பல நாடுகளின் மருத்துவர்களும் பின்னர் அறிவித்தது ஒன்றே: இடைவெளி நீண்டுபோன கண்களில் நீர் மீண்டும் சேர்ந்தது, ஊசி தொடங்கியதும் நீர் வற்றிற்று, ஆனால் இழந்த எழுத்துகள் யாவும் பலருக்குத் திரும்பவில்லை.

அருகில் போடுவதிலும் கேடு உண்டு

நீண்ட இடைவெளியே தீங்கு, குறுகியது தீங்கற்றது என்று முடிவுகட்டிவிடலாகாது. ஒவ்வோர் ஊசியும் கண்ணைத் துளைக்கின்றது. கண்ணினுள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் ஆபத்து ஈராயிரம் ஊசியில் ஒன்று என்னும் அளவில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. போவிடோன் அயோடின் கரைசலால் கண்ணைத் தூய்மை செய்வது இதனைத் தடுப்பதற்கே. ரானிபிசுமாப் ஒரே கண்ணில் நான்கு வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் இரு முறை செலுத்தப்படுவதில்லை. ப்ரோலூசிசுமாப் என்னும் புதிய மருந்தின் வரலாறு இன்னும் தெளிவானது. அதனை நான்கு வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து போட்டுப் பார்த்த ஆய்வில் கண்ணுள் அழற்சி நூற்றுக்கு 9 பேருக்கு மேல் கண்டது. ஒப்பிடப்பட்ட அப்லிபெர்செப்ட் பெற்றோரில் இது 4.5 பேர் அளவே. 2021-இல் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. தொடக்க ஊசிகளுக்குப் பின்னர் அம்மருந்தை மாதந்தோறும் தரலாகாது என எச்சரிக்கப்பட்டது.

இடைவெளியை நீட்டும் நோக்குடன் வேறு மருந்துகளும் வந்துள்ளன. இரு வேறு காரணிகளை ஒருங்கே தடுக்கும் பாரிசிமாப் 2022-இலும், முன்னைய 2 மில்லிகிராமுக்கு மாறாக 8 மில்லிகிராம் கொண்ட அப்லிபெர்செப்ட் 2023-இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. இவற்றால் பலருக்கு 12 முதல் 16 வாரம் வரை இடைவெளி கிடைக்கின்றது. அப்லிபெர்செப்டின் அரை ஆயுள் ஏறத்தாழ 11 நாள் எனக் கொண்டால், நான்கு மடங்கு மருந்துக்குக் கணக்குப்படி கிடைக்க வேண்டியது இரண்டு அரை ஆயுள், அதாவது சுமார் மூன்று வாரம். இந்தியாவில் அகமதாபாத் நிறுவனம் ஒன்று, ரானிபிசுமாபுக்கு ஒப்பான மருந்தை உலகிலேயே முதன்முதலாக 2015-இல் அங்கீகாரம் பெற்று விற்பனைக்குக் கொணர்ந்ததும் சிறப்பாகக் குறிக்கத் தக்கது. விலை தாழ்ந்த மருந்தைத் தவறாது போடுவது, விலை உயர்ந்த மருந்தை ஒரு முறை போட்டு நிறுத்துவதினும் மேலானது என்பதில் ஐயமில்லை.

ஊழியரும் ஆசிரியரும் செய்யக் கூடியவை

சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்ட அட்டை ஒன்றைப் பள்ளியிலேயே வரைந்துகொள்ளலாம். 10 சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்றை 5 மில்லிமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் 400 கட்டங்கள் அமையும். நடுவில் ஒரு புள்ளியிட வேண்டும். முதியவர் படிக்கும் கண்ணாடியை அணிந்து, அட்டையை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் புள்ளியையே நோக்க வேண்டும். கோடுகள் வளைந்தோ, உடைந்தோ, சில கட்டங்கள் மறைந்தோ தோன்றினால் குறித்த நாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு கண்ணை மூடிச் சோதிப்பது இன்றியமையாதது; இரு கண்களையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கோடுகள் நேராகத் தெரிகின்றன என்பதனால் ஊசியைத் தள்ளிப் போடலாகாது. அட்டையில் புலப்படாத நீர் படத்தில் புலப்படுவது உண்டு.

ஊசி போட்ட அன்று கண் சிறிது உறுத்துவதும், வெண்விழியில் செம்புள்ளி ஒன்று தோன்றுவதும், மிதக்கும் புள்ளிகள் சில தெரிவதும் அச்சத்துக்கு உரியவை அல்ல. அடுத்த சில நாள்களில் வலி மிகுந்தாலும், கண் மேன்மேலும் சிவந்தாலும், பார்வை மங்கினாலும், அன்றைக்கே மருத்துவமனை சேர வேண்டும். ஊர் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி இட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணை இழப்பதற்கு வழி.

நோயாளரின் வீட்டில் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். ஊசி போட்ட நாள், மருந்தின் பெயர், மருத்துவர் குறித்த இடைவெளி எத்தனை வாரம், அடுத்த நாள் எது என்பவற்றை ஒரே வரியில் எழுதி வைக்கலாம். குறித்த நாளில் செல்ல இயலாவிடில், ஒரு வாரம் முன்னதாகச் செல்ல முடியுமா என்று மருத்துவமனையில் கேட்பது நல்லது. தாமதிப்பதைவிட அதுவே மேல், முந்தைய ஊசிக்கும் இதற்கும் நான்கு வாரம் ஆகியிருக்குமாயின். வெளியூரில் மகன் வீட்டுக்குச் செல்வோர் இக்குறிப்பேட்டையும் கடைசிப் படத்தையும் எடுத்துச் சென்றால், அவ்வூர் மருத்துவர் முதலிலிருந்து தேடத் தொடங்க வேண்டியதில்லை. இரு கண்களும் நோயுற்றவர்க்கு ஒரு கண்ணுக்கு 6 வாரமும் மற்றதற்கு 12 வாரமும் அமைவது உண்டு. ஆகையால் வலக் கண்ணுக்கும் இடக் கண்ணுக்கும் ஏட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும்.